டி லா சோல் பூந்தொட்டியை ஏன் உடைத்தார்கள்?

கேள்வி:
அமெரிக்க ஹிப்-ஹாப் குழுவான டி லா சோலின் 1989 ஆல்பத்தின் உறை மஞ்சள் நிறம், டெய்சிப் பூக்கள் என்று ஒரே கொண்டாட்டம். 1991 ஆல்பத்தின் உறையில் பூந்தொட்டி உடைந்து கவிழ்ந்து கிடக்கிறது. இரண்டு வருடத்தில் அப்படி என்ன கோபம்?

பதில் 1:
‘ஹிப்பி’ என்ற முத்திரைதான். லாங் ஐலண்டின் அமிட்டிவில்லில் வளர்ந்த மூன்று பையன்கள், தயாரிப்பாளர் பிரின்ஸ் பாலுடன் சேர்ந்து குறும்பாக ஏதோ செய்தார்கள். உலகம் அவர்களைப் பூப்பையன்கள் ஆக்கிவிட்டது. அதனால்தான் ‘டி லா சோல் இஸ் டெட்’ என்றே தலைப்பு வைத்தார்கள். எனக்கு அதுதான் முதல் ஆல்பத்தைவிட ஒரு படி மேல். சண்டைக்கு வராதீர்கள்!

பதில் 2:
பணப் பிரச்சினையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய பாட்டிலிருந்து ஒரு துண்டை அனுமதியில்லாமல் எடுத்ததற்கு, அதைப் பாடிய டர்டில்ஸ் குழுவினர் வழக்குப் போட்டு, கோர்ட்டுக்கு வெளியே சமரசம் ஆனது. ஸ்ட்ரீமிங் காலம் வந்தபோது பழைய ஆல்பங்கள் வெளியே வராமல் சிக்கிக்கொண்டதற்கும் இந்தத் துண்டுகளின் உரிமைச் சிக்கல்தான் பெரிய காரணம். நான் நண்பனிடம் வாங்கிய தேய்ந்த கேசட்டிலேயே வருடக்கணக்கில் ஓட்டினேன். இரண்டாம் பக்கத்தில் ஒரு இடத்தில் நாடா இழுத்து, குரல் பேய் மாதிரி ஆகிவிடும். 1996-ல் பிரின்ஸ் பால் இல்லாமலே ‘ஸ்டேக்ஸ் இஸ் ஹை’ செய்தார்கள், சரியான முறுக்கு. 2016 ஆல்பத்துக்கு ரசிகர்களே கிக்ஸ்டார்ட்டர் என்ற நிதி திரட்டும் தளத்தில் 6 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தார்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. இப்போது எல்லாம் ஸ்ட்ரீமிங்கில் இருக்கிறதே?

பதில் 2:
2023 மார்ச் 3-ல் வந்தது. குழுவில் ஒருவரான ட்ரூகாய் (யோகர்ட்டைத் திருப்பிப் படித்தால் வரும் பெயர், நம்ம தயிர்!) பிப்ரவரி 12-லேயே போய்விட்டார். அன்று ராத்திரி அந்தக் கேசட்டைத்தான் போட்டேன்.