விழப்போகிற பல்லுக்கு 14,000 ரூபாயா?

நிலா அம்மா:
குழந்தைக்குப் பல் வைத்தியச் செலவு பற்றி ஒருவர் கேட்டதற்கு நேற்று பெரம்பூர்க்காரன் இங்கே எழுதிய பதில்: "பால்பல் ஆறு வயதில் தானாக விழும். அதற்கு வேர் சிகிச்சை, கேப் என்பதெல்லாம் பகல் கொள்ளை." படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. என் மகளுக்கு ஐந்து வயது. இரண்டு கடைவாய்ப் பல்லுக்கு 14,000 ரூபாய் கட்டியிருக்கிறேன். ஆறு வயதில் விழுவது முன்பல். கடைவாய்ப் பால்பல் பத்து, பன்னிரண்டு வயது வரை வாயில் இருக்க வேண்டியது.

பெரம்பூர்க்காரன்:
என் பையனுக்கு ஆறு வயதில் விழுந்தது. கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறேன். எங்கள் காலத்தில் யார் கேப் போட்டார்கள்? ஆடின பல்லைப் பிடுங்கி, சாணியில் உருட்டிக் கூரைமேல் எறிந்தோம். இன்றைக்கும் முறுக்கு கடிக்கிறேன்.

நிலா அம்மா:
விழுந்தது எந்தப் பல்? முன்பல்லா, கடைவாயா?

பெரம்பூர்க்காரன்:
பால்பல்தான். ஆறு வயது.

வேளச்சேரி வாசு:
வயதை விடுங்கள், பணத்தைப் பேசுங்கள். என் பையனுக்கும் இதே சிகிச்சை. ஆபீஸ் இன்சூரன்ஸில் பில் போட்டேன். விபத்தில் பல் உடைந்தால்தான் தருவார்களாம், சொத்தைக்கு இல்லையாம். மாதாமாதம் பிரீமியம் பிடிக்கிறார்கள், இப்போது நான் தவணையில் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

தாம்பரம் தாத்தா:
பூங்கா நகரில் அரசு பல் மருத்துவக் கல்லூரி 1953 முதல் இருக்கிறது. குழந்தைகளுக்குத் தனிப் பிரிவே உண்டு. அரசுப் பள்ளிகளுக்கு வருகிற ஆர்.பி.எஸ்.கே. என்கிற குழந்தைகள் நலப் பரிசோதனைக் குழு சொத்தைப் பல்லையும் பார்க்கிறது, 2013-இல் வந்த திட்டம் அது. இதையெல்லாம் விட்டுவிட்டு ஏ.சி. அறையில் பணத்தைக் கொட்டிவிட்டு வந்து புலம்பினால் என்ன சொல்ல?

நிலா அம்மா:
ஐயா, நான் புலம்பவில்லை. மனமறிந்துதான் கட்டினேன். ராத்திரியெல்லாம் கன்னம் வீங்கி அழுத பிள்ளை அது. அரசுக் கல்லூரியை நான் குறை சொல்லவே இல்லை. ஒரே நாளில் முடியாத சிகிச்சை, லீவு போட்டால் சம்பளம் பிடிக்கிற வேலை எனக்கு.

பணம் எதற்கு என்றும் சொல்கிறேன். பெரியவர்கள் பல்வேரில் அடைக்கிற பொருளைப் பால்பல்லில் அடைக்க முடியாது. பால்பல் வேர் கரையும்போது அதோடு சேர்ந்து கரைகிற பசைதான் வேண்டும். மேலே ஸ்டீல் கேப், பல் விழும்போது அதுவும் விழுந்துவிடும். பயந்து வாயை மூடிக்கொள்ளும் பிள்ளையைச் சமாளித்துச் செய்ய பி.டி.எஸ்ஸுக்கு மேல் மூன்று வருடம் படித்த குழந்தைப் பல் மருத்துவர் வந்தார். செய்யாமல் பிடுங்கினால்? ஆறு வயதில் பின்னால் முளைக்கிற நிரந்தரக் கடைவாய்ப் பல் முன்னால் நகர்ந்து இடத்தை அடைத்துக்கொள்ளும். அதைத் தடுக்க ஒரு கம்பி, அதற்கும் காசு. சீழை அப்படியே விட்டால் அடியில் வளரும் பல்லும் கெடலாம்.

பெரம்பூர்க்காரன்:
பார்த்தீர்களா, நீங்களே ஆறு வயது என்று எழுதிவிட்டீர்கள்!

நிலா அம்மா:
அது முளைக்கிற வயது. விழுகிற வயது இல்லை! முழுசாகப் படித்துவிட்டுப் பேசுங்கள்.

பெரம்பூர்க்காரன்:
போன மாதம் வேன் கட்டணத்தைப் பற்றிப் பேசினபோதும் இதே தொனிதான். டிரைவருக்குக் கூட்டித் தரலாம் என்றீர்கள். கேட்டதையெல்லாம் கொடுத்துப் பழக்கினால் எங்களிடமும் அதையேதான் கேட்பார்கள்.

நிலா அம்மா:
வேனை எதற்கு இழுக்கிறீர்கள்? அன்றைக்கும் பாதியில் ஓடினது நீங்கள்தான்.

தாம்பரம் தாத்தா:
அரசு மருத்துவமனை என்றால் லீவு இல்லை, தனியார் என்றால் லீவு கிடைக்கிறது. முப்பது வருடம் அரசு வேலை பார்த்தவன் நான், இந்தப் பேச்சு கேட்டுக் கேட்டுப் புளித்துவிட்டது.

நிலா அம்மா:
தனியாரில் ஞாயிற்றுக்கிழமை பார்த்தார்கள் ஐயா. உங்கள் முப்பது வருடத்தை யாரும் இங்கே குறைவாகப் பேசவில்லை.

வேளச்சேரி வாசு:
இன்சூரன்ஸ் பற்றி யாருக்காவது தெரியுமா? புறநோயாளி சிகிச்சையும் சேர்த்துத் தருகிற பாலிசி எடுத்தவர்கள் இருக்கிறீர்களா?

பெரம்பூர்க்காரன்:
எந்த பாலிசியும் வேண்டாம் தம்பி. ஆறு வயது வரை பொறுத்தால் போதும்.

நிலா அம்மா:
முன்பல்லா, கடைவாயா? அதற்கு இன்னும் பதில் வரவில்லை.

பெரம்பூர்க்காரன்:
அவனுக்கு இப்போது பதினைந்து வயது. பல் வரிசை நன்றாக இருக்கிறது. வேறென்ன பதில் வேண்டும் உங்களுக்கு?