டிஎஃப் 108 ஜிபி என்கிறது, டியு 41 ஜிபி என்கிறது: மீதி இடம் எங்கே போனது?

தறி:

வணக்கம் நண்பர்களே. எங்கள் கட்டற்ற மென்பொருள் குழுவின் கிட் களஞ்சியங்களும் (நிரல்களை வைத்திருக்கும் இடம்) வழுப் பதிவேடும் ஒரே சர்வரில் ஓடுகின்றன. இன்று காலை அதில் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் படுத்துவிட்டது. யாராலும் எதையும் புஷ் செய்ய முடியவில்லை. லாகில் திரும்பத் திரும்ப ஒரே வரி: நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்.

டெபியன் 12 லினக்ஸ். 120 ஜிபி எஸ்எஸ்டி, ரூட் பார்ட்டிஷன் (சிஸ்டம் இருக்கும் பகுதி) எக்ஸ்ட்4 ஃபைல்சிஸ்டம். பேக்கப்புக்கென்று தனியாக 2 டிபி யூஎஸ்பி டிஸ்க் இருக்கிறது, அது /எஸ்ஆர்வி/பேக்கப் என்ற அடைவில் மவுன்ட் ஆகும், அதாவது அந்த அடைவுக்குள் போனால் டிஸ்க்கில் இருப்பது தெரியும். காலையில் ரூட் பார்ட்டிஷனுக்கு, இடக் கணக்கு சொல்லும் டிஎஃப் கட்டளை காட்டியது: மொத்தம் 108 ஜிபி, பயன்பாட்டில் 108, மீதம் 0. ஆப்ட் கேஷை (நிறுவலுக்கு இறக்கிய பொதிகள்) காலி செய்தேன், ஜர்னலை (சிஸ்டம் லாக்) 200 எம்பிக்குக் குறைத்தேன். ஒரு ஜிபி போல விடுபட்டு 107 ஆனது. ஆனால் மீதம் 0 என்பது மட்டும் அசையவில்லை.

குழப்பமே இனிமேல்தான். முழு அதிகாரம் உள்ள ரூட் பயனராக இருந்து, மற்ற டிஸ்க்குகளை விட்டுவிடும் மைனஸ் எக்ஸ் சேர்த்து, மேல் அடைவிலிருந்து, ஃபைல்களின் அளவைக் கூட்டும் டியு கட்டளையை ஓட்டினால் கூட்டுத்தொகை 41 ஜிபிதான் வருகிறது. 66 ஜிபியைக் காணோம். ஃபைல்சிஸ்டம் கெட்டுவிட்டதா? அதைச் சோதித்துச் சரிசெய்யும் எஃப்எஸ்சிகே ஓட்ட வேண்டுமா? அதற்கு எல்லாவற்றையும் இறக்க வேண்டும் என்பதால் கேட்டுவிட்டுச் செய்யலாம் என்று நிற்கிறேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கட்டளைவரி:

முதலில் ஐநோடு (ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒன்று செலவாகும் பதிவு) தீர்ந்துவிட்டதா பாருங்கள். டிஎஃப்புக்கு மைனஸ் ஐ கொடுத்தால் தெரியும். எக்ஸ்ட்4-இல் ஐநோடு எண்ணிக்கை ஃபார்மேட் செய்யும்போதே முடிவாகிவிடும், பார்ட்டிஷனைப் பெரிதாக்காமல் பிறகு கூட்ட முடியாது. இயல்பாக 16,384 பைட்டுக்கு ஒன்று, அதாவது உங்கள் 108 ஜிபிக்கு எழுபது லட்சம் சொச்சம். செஷன் ஃபைல், மெயில் வரிசை போன்ற பொடிப்பொடி ஃபைல்கள் லட்சக்கணக்கில் சேர்ந்தால் இடம் இருந்தும் இதே பிழைச் செய்திதான் வரும்.

தறி:

பார்த்தேன் அண்ணா. ஐநோடு 9% தான் செலவாகியிருக்கிறது.

பனைநிழல்:

ஐநோடு பிரச்சினையாக இருந்தால் டிஎஃப்பில் ஜிபி கணக்கு நிரம்பியதாகக் காட்டாது. இங்கே பிளாக்குகளே (டேட்டா எழுதும் இடத் துண்டுகள்) தீர்ந்திருக்கின்றன. எஃப்எஸ்சிகே பக்கம் இப்போது போக வேண்டாம். இரண்டு எண்கள் ஒத்துப்போகவில்லை என்பது மட்டும் ஃபைல்சிஸ்டம் கெட்டதற்கு அடையாளம் ஆகாது.

இரண்டும் வேறு வேறு ஆட்களிடம் கேட்கின்றன. டிஎஃப் ஃபைல்சிஸ்டத்திடமே எத்தனை பிளாக் போயிருக்கிறது என்று கேட்கிறது. டியு அடைவு அடைவாக நடந்து, கண்ணில் படும் ஃபைல்களின் அளவைக் கூட்டுகிறது. எனவே உங்கள் 66 ஜிபி, டியு நடக்கும் வழியில் படாத இடத்தில் இருக்கிறது. அப்படிப்பட்ட இடம் வழக்கமாக இரண்டு.

ஒன்று, பெயர் அழிந்தும் திறந்தே இருக்கும் ஃபைல். அழிக்கும் ஆர்எம் கட்டளை கொடுத்தால் அடைவிலிருந்து பெயர்தான் போகிறது. ஏதாவது ஒரு புராசஸ் (ஓடும் நிரல்) அதைத் திறந்து வைத்திருக்கும் வரை பிளாக்குகள் விடுபடாது. இதை இப்போதே பாருங்கள்: எல்எஸ்ஓஎஃப் கட்டளைக்குப் பிளஸ், பெரிய எல், அதை ஒட்டி 1 என்று கொடுங்கள். லிங்க் எண்ணிக்கை பூஜ்யமான, அதாவது எந்த அடைவிலும் பெயர் இல்லாத ஃபைல்கள் மட்டும் வரும். இரண்டாவது இடத்தை இது முடிந்தபின் பார்க்கலாம்.

மீதம் 0-விலேயே நிற்பதற்கும் காரணம் சொல்லிவிடுகிறேன். எக்ஸ்ட்4 இயல்பாக 5% இடத்தை ரூட் பயனருக்கென்று ஒதுக்கி வைக்கிறது. உங்களுக்கு அது 5.4 ஜிபி. பயன்பாடு 102.6-க்குக் கீழே இறங்கும் வரை போஸ்ட்கிரெஸ் போன்ற சாதாரணப் பயனருக்கு ஒரு பைட்டும் கிடைக்காது. 107-இல் நின்றால் 0 என்றுதான் காட்டும். டியூன்2எஃப்எஸ் வைத்து அந்த ஒதுக்கீட்டைக் குறைக்கலாம் என்று யாராவது சொன்னால் இப்போது கேட்காதீர்கள். ஓட்டை எங்கே என்று தெரியாமல் அதைத் திறந்துவிட்டால் ஐந்து ஜிபியும் அதே ஓட்டையில் போகும். கவனிக்க இன்னொன்று: அந்த ஒதுக்கீட்டையும் தாண்டி 108 வரை நிரம்பியிருக்கிறது. ரூட்டாக ஓடும் ஏதோ ஒன்றுதான் அப்படி எழுதியிருக்க முடியும்.

அப்புறம், மிக முக்கியம்: இடம் பிடிக்கிறேன் என்று போஸ்ட்கிரெஸ் அடைவுக்குள் இருக்கும் பிஜி_வால் ஃபைல்களில் கை வைக்காதீர்கள். பார்க்க லாக் மாதிரிதான் இருக்கும். ஆனால் டேட்டாபேஸ் மீண்டு எழுவதற்கே அவைதான் வேண்டும். அவற்றை அழித்துவிட்டு டேட்டாபேஸையே இழந்தவர்கள் உண்டு.

தறி:

பனைநிழல் அண்ணா, கிடைத்துவிட்டது! வழுப் பதிவேட்டுச் செயலி 6 ஜிபி லாக் ஒன்றைத் திறந்து வைத்திருக்கிறது, பக்கத்தில் டெலிட்டட் என்று இருக்கிறது. காலையில் அலுவலக அறையில் இருந்த தோழரிடம் கேட்டேன். இடம் இல்லை என்றதும் அந்த லாகை ஆர்எம் செய்தாராம், டிஎஃப் இறங்கவில்லையே என்று அவரும் விழித்திருக்கிறார். இந்தச் சேவையை ரீஸ்டார்ட் செய்தால் போதுமா?

பனைநிழல்:

போதும். மூடிய நொடியே இடம் விடுபடும். இதுவே என்ஜின்எக்ஸ் வெப் சர்வரின் லாகாக இருந்தால் ரீஸ்டார்ட்கூட வேண்டாம், யூஎஸ்ஆர்1 சிக்னல் அனுப்பினால் லாகைப் புதிதாகத் திறந்துகொள்ளும். இனி லாக் பெருத்தால் ஆர்எம் வேண்டாம், ட்ரன்கேட் கட்டளையால் அளவைப் பூஜ்யமாக்கச் சொல்லுங்கள்.

தறி:

ரீஸ்டார்ட் செய்தேன். பயன்பாடு 101, மீதம் 1.6 ஜிபி. போஸ்ட்கிரெஸ் தானாகவே மீட்பு வேலையை முடித்துக்கொண்டு எழுந்துவிட்டது. புஷ்ஷும் போகிறது. மனசு இப்போதுதான் ஆறியது. ஆனால் டியு இன்னும் 41 என்றே சொல்கிறது, 60 ஜிபி கணக்கில் வரவில்லை. இன்று இரவு பேக்கப் ஓடும்போது மறுபடி விழுந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

வடகரை:

தம்பி, ஒரு கேள்வி. அந்த யூஎஸ்பி டிஸ்க் கடந்த சில நாட்களாக இடைவிடாமல் மவுன்ட் ஆகித்தான் இருந்ததா? மவுன்ட் பட்டியலான எஃப்எஸ்டேபில் அந்த வரியில் நோஃபெயில் இருக்கிறதா?

தறி:

நோஃபெயில் இருக்கிறது அக்கா. மானிட்டர் இல்லாத மெஷின், டிஸ்க் வரவில்லை என்று பூட் பாதியில் நின்றுவிடக் கூடாது என்பதற்காக வைத்தது. இப்போது கேட்டதும்தான் தோழர் சொல்கிறார்: போன வாரம் கரண்ட் போய் வந்து சர்வர் எழுந்ததிலிருந்தே அந்த டிஸ்க் விளக்கு எரியவில்லையாம். இன்று காலை கம்பியைக் கழற்றி மாட்டி, மவுன்ட் மைனஸ் ஏ கொடுத்தாராம்.

வடகரை:

அப்படியானால் பனைநிழல் சொன்ன அந்த இரண்டாவது இடம் இதுதான். டிஸ்க் இல்லாமல் பூட் ஆனபோது /எஸ்ஆர்வி/பேக்கப் என்பது ரூட் பார்ட்டிஷனில் இருக்கும் வெறும் அடைவு. இரவில், குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரான் ரூட்டாக ஓடி, பேக்கப்பை அதிலேயே கொட்டியிருக்கிறது. பிழை எதுவும் வந்திருக்காது, எழுத இடம் இருந்ததல்லவா. காலையில் அதன் மேலேயே டிஸ்க்கை மவுன்ட் செய்ததும், பாய்க்கு அடியில் கிடக்கும் பொருள் மாதிரி எல்லாம் மறைந்துவிட்டது. பிளாக்குகள் ரூட் கணக்கில் இருப்பதால் டிஎஃப் எண்ணுகிறது. டியு அந்த அடைவுக்குப் போனால் மேலே இருக்கும் டிஸ்க்குதான் தெரியும், மைனஸ் எக்ஸ் கொடுத்திருப்பதால் அதையும் எண்ணாமல் திரும்பிவிடும்.

டிஸ்க்கை அன்மவுன்ட் செய்யாமலே பார்க்க வழி இருக்கிறது. /எம்என்டி அடைவு காலியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, மவுன்ட் கட்டளைக்கு இரட்டை ஹைஃபன் பைண்ட் கொடுத்து, ரூட் அடைவை /எம்என்டி மேல் பைண்ட் செய்யுங்கள், அதே அடைவு அங்கேயும் தெரியும். சாதாரண பைண்ட் உள்ளே இருக்கும் மற்ற மவுன்ட்களைக் கூட்டி வராது. ஆர்பைண்ட் கொடுத்துவிடாதீர்கள், அது எல்லாவற்றையும் இழுத்து வரும். பிறகு /எம்என்டி/எஸ்ஆர்வி/பேக்கப் மீது டியு ஓட்டுங்கள்.

தறி:

அக்கா, இருக்கிறது! சரியாக 60 ஜிபி. தேதி வாரியாக டேட்டாபேஸ் டம்ப்பும் (முழு நகல்) களஞ்சியங்களை ஒன்றாகக் கட்டிய டார் ஃபைலும் வரிசையாக நிற்கின்றன. கரண்ட் போன இரவிலிருந்து நேற்று வரை. இப்போதே அழித்துவிடட்டுமா?

வடகரை:

பொறுங்கள். அந்த நாட்களுக்கு உங்களிடம் இருக்கும் ஒரே பேக்கப் அதுதான். முதலில் ஆர்சிங்க் மூலம் /எம்என்டி பாதையிலிருந்து யூஎஸ்பி டிஸ்க்குக்கு நகல் எடுங்கள், ஃபைலின் கைரேகை போன்ற எஸ்எச்ஏ256 கூட்டுகளை இரண்டு பக்கமும் ஒப்பிடுங்கள், பிறகு அழியுங்கள்.

அழிக்கும்போது பாதையைச் சத்தமாக வாய்விட்டுப் படியுங்கள். தொடக்கத்தில் /எம்என்டி இருந்தால்தான் அது அடியில் இருப்பது. அதை விட்டுவிட்டு /எஸ்ஆர்வி/பேக்கப் என்று அடித்தால் யூஎஸ்பி டிஸ்க்கில் இருக்கும் உண்மையான பேக்கப் முழுவதும் போய்விடும். இரண்டு இடத்திலும் ஒரே பெயரில் ஃபைல்கள் இருக்கும்போது கை தவறுவது சுலபம்.

அழித்து முடித்த கையோடு, பைண்ட் இருக்கும்போதே ஒரு வேலை: /எம்என்டி/எஸ்ஆர்வி/பேக்கப் அடைவுக்குச் சிஹெச்ஏடிடிஆர் பிளஸ் ஐ போட்டுவிடுங்கள். அடியில் இருக்கும் வெற்று அடைவு மாற்ற முடியாததாகிவிடும். அதன் மேல் டிஸ்க்கை மவுன்ட் செய்யத் தடை இல்லை. டிஸ்க் இல்லாத இரவில் ரூட் முயன்றாலும் அங்கே ஒரு ஃபைலை உருவாக்க முடியாது, ஸ்கிரிப்ட் பிழையோடு நிற்கும். நமக்கு வேண்டியது அந்தப் பிழைதான். பிறகு /எம்என்டியை அன்மவுன்ட் செய்துவிடுங்கள்.

கட்டளைவரி:

நோஃபெயிலை எடுத்துவிட்டால் இந்தத் தொல்லையே வராதே? டிஸ்க் இல்லை என்றால், சர்வரின் சேவைகளை எழுப்பும் சிஸ்டம்டி பூட்டை நிறுத்திவிடும், உடனே தெரிந்துவிடும்.

பனைநிழல்:

எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பேக்கப் டிஸ்க் வரவில்லை என்பதற்காகக் குழுவின் களஞ்சியமே எழாமல், ஆளில்லாத அறையில் எமர்ஜென்சி மோடில் நிற்பது சரியல்ல. நோஃபெயில் இருக்கட்டும். டிஸ்க் இருக்கிறதா என்று பேக்கப் வேலைதான் கேட்டுக்கொள்ள வேண்டும். ஸ்கிரிப்ட்டின் முதல் வரியிலேயே மவுன்ட்பாயின்ட் கட்டளைக்கு மைனஸ் க்யூ கொடுத்துச் சோதியுங்கள், இல்லை என்றால் பிழைக் குறியோடு வெளியேறட்டும். கிரானிலிருந்து சிஸ்டம்டி டைமருக்கு மாற்றத் தயார் என்றால், சர்வீஸ் ஃபைலில் ரிக்வயர்ஸ்மவுன்ட்ஸ்ஃபார் என்று ஒரே வரி போதும், மவுன்ட் ஆகவில்லை என்றால் வேலை தொடங்கவே தொடங்காது. எந்த வழியானாலும், தோற்றால் ஒருவருக்கு மெயில் போக வேண்டும். ஒரு வாரம் யாருக்கும் தெரியாமல் போனதுதான் இதில் என்னை உறுத்துகிறது.

தறி:

நகல், ஒப்பீடு, அழிப்பு எல்லாம் வடகரை அக்கா சொன்ன வரிசையில் முடிந்தது. ரூட்டில் இப்போது பயன்பாடு 41 ஜிபி, 40%. பிளஸ் ஐ போட்டாயிற்று. ஸ்கிரிப்ட்டில் மவுன்ட்பாயின்ட் சோதனையும் சேர்த்தேன். டிஸ்க்கை வேண்டுமென்றே அன்மவுன்ட் செய்து ஓட்டிப் பார்த்தேன், உடனே நின்றது, எனக்கு மெயிலும் வந்தது. டைமருக்கு மாற்றுவதை வார இறுதியில் செய்கிறேன்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். நேற்று இரவு எடுத்த ஃபைல்கள் இடம் தீர்ந்து பாதியில் நின்றிருக்குமே, அவற்றை வைத்துக்கொள்ளலாமா? டம்ப்பை, அதை மீட்கும் கட்டளையான பிஜி_ரெஸ்டோருக்கு லிஸ்ட் கொடுத்துப் பார்த்தேன், பட்டியல் முழுதாக வருகிறது.

கட்டளைவரி:

அந்தப் பட்டியலை நம்பாதீர்கள். கஸ்டம் வடிவ டம்ப்பில் பட்டியல் ஃபைலின் தொடக்கத்திலேயே இருக்கும், வால் அறுந்திருந்தாலும் அது முழுதாகத்தான் வரும். பிஜி_ரெஸ்டோருக்கு மைனஸ் எஃப் கொடுத்து வெளியீட்டை, எதையும் சேமிக்காத /டெவ்/நல்லுக்கு அனுப்புங்கள். அப்போதுதான் உள்ளே இருக்கும் டேட்டாவை எல்லாம் கடைசி வரை படிக்கும், எங்காவது அறுந்திருந்தால் கத்தும். டார் ஃபைல் ஜிஜிப்பில் சுருக்கியது என்றால், அதற்கு ஜிஜிப் மைனஸ் டி போதும். நேற்றையது மட்டும் வேண்டாம், அந்த வாரத்து ஃபைல்கள் எல்லாவற்றுக்கும் ஒருமுறை ஓட்டிவிடுங்கள்.

தறி:

ஓட்டினேன் அண்ணா. நேற்றைய டம்ப் தேறிவிட்டது, டார் ஃபைல் மட்டும் பாதியில் அறுந்திருக்கிறது. டம்ப் முதலில் ஓடும், அதனால் தப்பித்திருக்கிறது. முந்தைய நாட்களின் ஃபைல்கள் எல்லாம் சரி. அறுந்ததை அழித்துவிட்டு, களஞ்சியங்களுக்கு இப்போதே புதிதாக ஒரு பேக்கப் ஓடவிட்டிருக்கிறேன், யூஎஸ்பி டிஸ்க்கில்தான் விழுகிறது என்று டிஎஃப்பில் பார்த்துவிட்டேன். மூவருக்கும் மிக்க நன்றி.