மறுவிற்பனைத் தளத்தில் பாதி விலைக்குக் கிடைக்கும் கேம் கீயை நம்பி வாங்கலாமா?

கொக்குவிலான் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். இம்முறை சாதாரண தரப் பரீட்சை எழுதிய என் தம்பிக்கு, பெறுபேறு நன்றாக வந்தால் அவன் விரும்பும் கணினி விளையாட்டு ஒன்றை வாங்கித் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். பெறுபேறு வருவதற்கு முன்னரே அவன் விலையோடு வந்து நிற்கிறான். அவன் பார்க்கும் காணொளிகள் எல்லாவற்றிலும் அந்த விளையாட்டின் விலை 60 டொலர் என்கிறார்கள். ஆனால் அதே விளையாட்டுக்கான ஸ்டீம் கீயை, அதாவது ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் பதிந்து விளையாட்டைப் பெறும் இரகசிய இலக்கத்தை, மறுவிற்பனைத் தளம் ஒன்றில் 31 டொலருக்குப் போட்டிருக்கிறார்கள். டொலர் ஒன்று முந்நூறு ரூபாவை ஒட்டி நிற்கும் நாளில், இந்த இரண்டு விலைக்கும் இடைப்பட்ட தொகை எங்கள் வீட்டின் ஒரு மாத மின்கட்டணத்தை விட அதிகம்.

விற்பவரின் பெயருக்குக் கீழே ஆயிரக்கணக்கான நல்ல மதிப்பீடுகள் இருப்பதால் தம்பிக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. எனக்கோ, உருவாக்கியவர்களே பாதி விலைக்குக் கொடுக்காத ஒன்றை முகந்தெரியாத ஒருவர் எப்படிக் கொடுக்கிறார் என்பது விளங்கவில்லை. தம்பியின் ஸ்டீம் கணக்கில் நான்கு வருடங்களாகச் சேர்த்த விளையாட்டுகள் இருக்கின்றன. இந்த ஒரு கீயால் அந்தக் கணக்கே பறிபோகுமா? என் வங்கி அட்டையின் இலக்கத்தை இப்படியான தளத்துக்குக் கொடுக்கலாமா? அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

திருநெல்வேலித் திருத்துநர் எழுதுகிறார்:

கொக்குவிலான், முதலில் நீங்கள் ஒப்பிட்டுப் பார்த்த விலையே சரியா என்று பாருங்கள். காணொளிகளில் சொல்லப்படும் 60 டொலர் அமெரிக்காவுக்கான விலை. ஸ்டீம் இலங்கைக்கு டொலரிலேயே விலை காட்டினாலும், நம்மைத் தெற்காசியா என்ற தனி விலைப் பிரிவில் வைத்திருக்கிறது. அந்தப் பிரிவில் என்ன விலை வைப்பது என்பது வெளியீட்டாளரின் விருப்பம். சிலர் நன்றாகக் குறைத்திருப்பார்கள், சிலர் அமெரிக்க விலையையே வைத்திருப்பார்கள். ஆகவே தம்பியின் கணக்கில் நுழைந்து, அங்கே காட்டப்படும் விலையை உங்கள் கண்ணால் பார்த்த பிறகுதான் எது மலிவு என்ற பேச்சை எடுக்க வேண்டும். வேறு நாட்டில் இருப்பதாகக் காட்டி இன்னும் மலிவாக வாங்கலாம் என்று யாராவது ஆலோசனை சொன்னால் அதைக் கேட்காதீர்கள். ஆர்ஜென்டினாவிலும் துருக்கியிலும் அந்தந்த நாட்டு நாணயத்தில் இருந்த விலைகளை 2023 நவம்பரில் ஸ்டீம் டொலருக்கு மாற்றியதோடு அந்த வழியும் பெருமளவு அடைபட்டுவிட்டது.

அடுத்தது, கீ எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி. ஸ்டீமில் விளையாட்டை வெளியிடுபவர் தமக்குத் தேவையான கீகளை ஸ்டீமிடமிருந்தே இலவசமாகப் பெற்று வெளிக் கடைகளுக்குக் கொடுக்கலாம். ஹம்பிள், ஃபனாட்டிக்கல், கிரீன் மேன் கேமிங் போன்ற கடைகள் இப்படி வெளியீட்டாளரிடமிருந்து நேராகக் கீயைப் பெற்று விற்பவை. அவை அதிகாரம் பெற்ற கடைகள். நீங்கள் சொல்லும் தளம் அந்த வகை அன்று. அது சந்தையைப் போன்றது. இடத்தை மட்டும் வாடகைக்குக் கொடுத்துவிட்டு, கூடைக்குள் இருப்பது எந்தத் தோட்டத்து மாம்பழம் என்று கேட்காத சந்தை. அந்தக் கூடையில், பல விளையாட்டுகளை ஒன்றாகக் கட்டி மலிவாக விற்கும் தொகுப்பு விற்பனையில் வாங்கி மிஞ்சிய கீயும் இருக்கும், விலை குறைந்த நாட்டில் வாங்கிய கீயும் இருக்கும், திருட்டு வங்கி அட்டையால் வாங்கிய கீயும் இருக்கும். வாங்குபவருக்கு மூன்றும் ஒரே மாதிரியான எழுத்தும் இலக்கமும்தான்.

திருட்டு அட்டையால் வாங்கிய கீயின் கதை எப்படி முடியும் என்பதற்கு 2015 ஜனவரியில் நடந்ததைச் சொல்லலாம். ஃபார் க்ரை 4 உட்பட யூபிசொஃப்ட் நிறுவனத்தின் சில விளையாட்டுகள் பலருடைய கணக்குகளிலிருந்து திடீரெனக் காணாமற் போயின. அந்தக் கீகள் இன்னொரு நிறுவனத்தின் இணையக் கடையில் மோசடி அட்டைகளால் வாங்கப்பட்டு, மறுவிற்பனைத் தளங்கள் வழியே கைமாறியவை. பெரும் கூச்சலுக்குப் பிறகு, ஏற்கெனவே விளையாடத் தொடங்கியிருந்தவர்களுக்கு மட்டும் யூபிசொஃப்ட் அவற்றைத் திருப்பிக் கொடுத்தது.

என் கதை இவ்வளவு பெரிதன்று. மூன்று வருடங்களுக்கு முன் இப்படியான தளம் ஒன்றில் இரண்டு கீகள் வாங்கினேன். ஒன்று இன்றுவரை வேலை செய்கிறது. மற்றையது நான்காவது மாதத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, என் லைப்ரரியிலிருந்து மறைந்திருந்தது. தளத்திற்குப் போய்ப் பார்த்தால் விற்றவரின் கணக்கும் இல்லை. முறையிடுவதற்கான கால எல்லை முடிந்துவிட்டது என்று தானியங்கிப் பதில் ஒன்று வந்தது. நட்டம் மூவாயிரம் ரூபாதான், ஆனால் அந்த விளையாட்டில் நான் அரைவாசியைத் தாண்டியிருந்தேன் என்பதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

கணக்கு பறிபோகுமா என்று கேட்டிருந்தீர்கள். இப்படியான கீயை ரத்துச் செய்யும்போது பொதுவாக அந்த விளையாட்டு மட்டும்தான் போகும்; மற்றவை இருக்கும். ஆனால் கீக்குப் பதிலாக, பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொண்ட முழுக் கணக்கையே மலிவாக விற்பவர்களும் அதே தளங்களில் இருக்கிறார்கள். அது ஸ்டீமின் ஒப்பந்தத்துக்கு நேரடியாகவே முரணானது. பழைய உரிமையாளர் ஒரு மின்னஞ்சலால் அதைத் திருப்பி எடுத்துவிடலாம். தம்பி அந்தப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய சீடி எழுதுகிறார்:

திருத்துநர் சொன்னதில் பிழை இல்லை. ஆனாலும் மறுவிற்பனைத் தளம் என்றாலே திருட்டுப் பொருள் என்பது போல வாசிப்பவர்கள் விளங்கிக்கொள்ளக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

போரால் மூடிக் கிடந்த, யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி 2002இல் திறந்த பிறகுதான் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பலர் விளையாட்டுச் சீடிகளைக் கண்ணாற் கண்டார்கள். அனைத்தும் பிரதி செய்தவை. உறைக்குள் மடித்து வைத்த தாளில் நீல மையால் கீ எழுதியிருக்கும். அந்த ஒரே இலக்கத்தைத்தான் எங்கள் ஒழுங்கையில் ஏழு வீடுகளும் பாவித்தன. ஐந்தும் எஸ்ஸும் ஒரே மாதிரி எழுதியிருந்தால் அன்று பின்னேரம் முழுவதும் போய்விடும். காசு கொடுத்து வாங்குவதற்கு வேறு வழியே இல்லாத காலம் அது. கடனட்டை வைத்திருந்தவர் எங்கள் ஒழுங்கையில் ஒருவர்கூட இல்லை. அங்கிருந்து வந்தவனுக்கு, இன்னொருவர் தொகுப்பில் வாங்கி விளையாடாமல் வைத்திருந்த கீயை இரண்டு டொலருக்கு வாங்குவது பெரிய குற்றமாகத் தோன்றவில்லை. 2022இல் சில மாதங்களுக்குள் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்கு ஏறியபோது, எந்த நேர்மையான கடையின் விலையும் எனக்கு எட்டவில்லை என்பதையும் ஒளிக்காமல் சொல்கிறேன்.

இதுவரை பதினான்கு கீகள் வாங்கியிருக்கிறேன். ஒன்று மட்டும் வேலை செய்யவில்லை, அதற்கும் பணம் திரும்பி வந்தது. ஆனால் நான் வாங்குபவை எல்லாம் வெளிவந்து நான்கைந்து வருடமான, தனியாக விளையாடும் விளையாட்டுகள். வெளிவந்து ஒரு மாதமும் ஆகாத விளையாட்டு பாதி விலைக்கு வந்தால் நானும் வாங்க மாட்டேன், ஏனென்றால் எந்தத் தொகுப்பிலும் சேராத விளையாட்டுக்கு மிஞ்சிய கீ என்று ஒன்று இருக்க முடியாது. நீங்கள் கேட்பது புதிய விளையாட்டா, பழையதா என்பதைச் சொல்லவில்லையே?

பட்டறைக்காரன் எழுதுகிறார்:

நான் வாங்குபவன் பக்கமிருந்து அல்ல, விற்பவன் பக்கமிருந்து எழுதுகிறேன். நண்பர்கள் மூவர் சேர்ந்து, வேலை முடிந்த இரவுகளில் இரண்டரை வருடமாகச் செய்த ஒரு சிறிய புதிர் விளையாட்டை ஸ்டீமில் வெளியிட்டோம். நுழைவுக் கட்டணமான 100 டொலரை எங்களில் ஒருவரின் கனடா மாமாதான் கட்டினார். விற்பனை விலை 8 டொலர்.

வெளியான கிழமையிலேயே கீ கேட்டு மின்னஞ்சல்கள் குவிந்தன. அவற்றில் ஒன்று, நாங்கள் மூவரும் பார்க்கும் ஒரு பிரபல யூடியூப் அலைவரிசையின் பெயரில் வந்திருந்தது. தமக்கு ஒரு கீயும், நேயர்களுக்குப் பரிசாக வழங்க நான்கு கீகளும் வேண்டும் என்று மரியாதையாகக் கேட்டிருந்தார். எங்கள் விளையாட்டின் பெயரைப் பிழையாக எழுதியிருந்ததைக் கவனித்தும், மகிழ்ச்சியில் ஐந்தையும் அனுப்பிவிட்டோம். பிறகு ஆறுதலாகப் பார்த்தபோதுதான் அலைவரிசையின் உண்மையான முகவரியிலிருந்து இது ஓர் எழுத்து மாறியிருந்தது தெரிந்தது. பத்து நாள் கழித்து எங்கள் விளையாட்டு ஒரு மறுவிற்பனைத் தளத்தில் 3 டொலருக்கு இருந்தது; கையிருப்பு ஐந்து.

எந்தக் கீயை யாருக்குக் கொடுத்தோம் என்று குறித்து வைத்திருந்ததால் ஐந்தையும் ரத்துச் செய்ய முடிந்தது. அதற்குள் இரண்டு விற்றுப்போயிருந்தன. வாங்கியவர்களில் ஒருவர், தாம் காசு கொடுத்து வாங்கிய விளையாட்டை ஏன் பறித்தீர்கள் என்று எழுதினார். அவர் பொய் சொல்லவில்லை. காசு கொடுத்துத்தான் இருக்கிறார், ஆனால் அதில் ஒரு சதமும் எங்களிடம் வரவில்லை. இரண்டு நாள் எங்களுக்குள் கதைத்துவிட்டு, அவருக்குப் புதிய கீ ஒன்றை அனுப்பினோம். அது சரியான முடிவா என்று எனக்கு இன்னும் நிச்சயமில்லை. பழைய சீடி அண்ணை, கள்ளச் சாவியை யாழ்ப்பாணத்தில் நாங்கள் கள்ளத் திறப்பு என்று சொல்வோமே, அதை வாங்கியவரும் பல வேளைகளில் கள்ளனல்ல என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

அட்டை மோசடி எங்களுக்கு நேரவில்லை; நேர்ந்திருந்தால் தாங்கியிருக்க மாட்டோம். அட்டையின் உண்மையான உரிமையாளர் முறையிட்டதும் வங்கி அந்தப் பணத்தை, கீயை முதலில் விற்ற எங்களைப் போன்றவர்களிடமிருந்து திருப்பி எடுத்துக்கொள்ளும்; அத்தோடு நில்லாமல் தண்டக் கட்டணமும் அறவிடப்படும். ஃபக்டோரியோ என்ற விளையாட்டை உருவாக்கிய செக் நாட்டு வூப் நிறுவனத்துக்கு இந்தக் கட்டணம் ஒரு கீக்கு ஏறத்தாழ 20 டொலர் வந்தது. திருட்டு அட்டையால் வாங்கிய கீகள் தம் தளத்தில் விற்கப்பட்டதாக நிரூபித்தால் அந்த நட்டத்தைப் பத்து மடங்காகத் தருவதாக ஜி2ஏ என்ற மறுவிற்பனைத் தளம் 2019இல் அறிவித்தது. வூப் தன்னிடமிருந்து அப்படி வாங்கப்பட்ட கீகளின் பட்டியலைக் கொடுத்தது. 2016இல் தம் தளத்தில் அவற்றில் 198 கீகள் விற்கப்பட்டதை ஜி2ஏ தானே ஒப்புக்கொண்டு, 2020 மே மாதத்தில் 39,600 டொலர் கட்டியது. அந்த விளையாட்டை அதன் உருவாக்குநர்கள் ஒருபோதும் கழிவு விலையில் விற்பதில்லை என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆகவே அது எங்கேயாவது மலிவாகக் கிடைத்தால், அந்த மலிவு உருவாக்கியவரிடமிருந்து வந்ததல்ல என்பது மட்டும் உறுதி.

இன்னொன்று. சிறிய விளையாட்டுகளுக்கு, காசு இல்லாவிட்டால் விருப்பப் பட்டியலில் போட்டுவிட்டுக் காத்திருப்பது எங்களுக்கு உதவியே. ஸ்டீமின் கோடை, குளிர்கால விற்பனைகளில் நாங்களே விலையைக் குறைக்கிறோம். எபிக் என்ற இன்னோர் இணையக் கடையில் கிழமைக்கு ஒரு விளையாட்டாவது இலவசமாகவே கொடுக்கிறார்கள்.

கொக்குவிலான் மீண்டும் எழுதுகிறார்:

மூவருக்கும் மிக்க நன்றி. பழைய சீடி அண்ணா, விளையாட்டு வெளிவந்து மூன்று கிழமைதான் ஆகிறது. உங்கள் அளவுகோலின்படியே அது தேறவில்லை.

நேற்றிரவு தம்பியையும் பக்கத்தில் இருத்தி இரண்டு பக்கங்களையும் திறந்தேன். அவனுடைய ஸ்டீம் கணக்கில் விலை 42 டொலர் என்று இருந்தது. அவன் அதுவரை அந்தப் பக்கத்தைத் திறந்தே பார்த்திருக்கவில்லை. பிறகு மறுவிற்பனைத் தளத்தில், அட்டை இலக்கத்தைக் கொடுக்காமல், பணம் கட்டும் படிவம் வரை போனோம். 31 டொலர் அங்கே 31 டொலராக இருக்கவில்லை. அட்டைக்கான கட்டணம் ஒன்று சேர்ந்தது. கீ வேலை செய்யாவிட்டால் பணம் தருவதற்கென்று ஒரு பாதுகாப்புக் கட்டணம் சேர்ந்தது, அதாவது கடைக்காரர் செய்ய வேண்டிய கடமைக்கு நாம் தனியாகக் காசு கட்ட வேண்டும். மாதச் சந்தா ஒன்றுக்கான கட்டத்தில் அவர்களாகவே சரி அடையாளம் இட்டிருந்தார்கள். அந்த அடையாளத்தை நீக்கிய பிறகும் மொத்தம் 36 டொலருக்கு மேல். வித்தியாசம் ஆறு டொலருக்குள் வந்துவிட்டது.

அத்தோடு, படிவத்தின் அடியில், கண்ணில் படாத சிறிய சாம்பல் எழுத்தில், அந்தக் கீயை ஐரோப்பாவில் மட்டும் செயற்படுத்தலாம் என்று எழுதியிருந்தது. அதை முதலில் கண்டவன் தம்பிதான். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு அந்தப் பக்கத்தை அவனே மூடினான். பெறுபேறு வந்ததும் ஸ்டீமிலேயே வாங்குவதாக முடிவு. அவனுடைய பழைய கணினியில் அந்த விளையாட்டு ஓடுமா என்பதுதான் இப்போது எனக்குள்ள கவலை.

திருநெல்வேலித் திருத்துநர் எழுதுகிறார்:

அந்தக் கவலைக்கும் வழி இருக்கிறது. ஸ்டீமில் வாங்கினால் 14 நாட்களுக்குள், விளையாடிய நேரம் இரண்டு மணித்தியாலத்தைத் தாண்டாமல் இருந்தால், பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். வெளியில் வாங்கிய கீக்கு இந்த வசதியை ஸ்டீம் தருவதில்லை. பதிவிறக்கும் நேரம் அந்த இரண்டு மணித்தியாலத்தில் சேராது. ஆனால் விளையாட்டைத் திறந்து, அமைப்புகளை மாற்றிக்கொண்டிருக்கும் நேரம் சேரும். எனவே தம்பி அதைத் திறந்துவைத்துவிட்டுச் சாப்பிடப் போகாமல் இருக்கட்டும். பதிவிறக்கத்தை இரவு டேட்டாவில் போட்டுவிடுங்கள். கணினியின் விபரங்களை இங்கே எழுதினால், வாங்குவதற்கு முன்னரே ஓடுமா என்று பார்த்துச் சொல்கிறேன்.