நியூயார்க்கில் ஓய்வுக்காலம்: கோ-ஆப்பா, காண்டோவா? பட்டவர்கள் எழுதுங்கள்

ஃப்ளஷிங்வாசி

நடந்து மூன்று ஆண்டுகள் ஆகியும் இது மனத்தை விட்டு அகலவில்லை. லாங் ஐலண்டில் இருந்த தனி வீட்டை விற்றுவிட்டு, பௌன் தெருப் பிள்ளையார் கோயிலுக்கு நடந்தே போகும் தொலைவில் இரண்டு படுக்கையறை கோ-ஆப் (கூட்டுறவு முறை அடுக்குமாடி வீடு) ஒன்றைப் பார்த்தோம். கடன் இல்லை, முழுத் தொகையும் கைப்பணம். என் மனைவி சமையலறைச் சன்னலை அளந்து, கறிவேப்பிலைத் தொட்டிக்கு இடம்கூடக் குறித்துவிட்டாள்.

கோ-ஆப்பில் வாங்க அதன் நிர்வாகக் குழு சம்மதிக்க வேண்டும். அதற்கான நேர்காணல் அடித்தளத்தில், துணி துவைக்கும் அறைக்கு அடுத்த அறையில் நடந்தது. உலர்த்தும் இயந்திரத்துக்குள் யாருடைய சட்டைப் பொத்தானோ தட்டிக்கொண்டே இருந்தது. எங்கள் வருமான வரிக் கணக்குகள் மேசையெங்கும் பரப்பப்பட்டிருந்தன. சில வரிகளின்மேல் மஞ்சள் கோடு. நிர்வாகக் குழுவைச் சேர்ந்த ஓர் அம்மையார் நிமிர்ந்து, "உங்களில் ஒருவர் போய்விட்டால் மற்றவர் மாதக் கட்டணத்தை எப்படிக் கட்டுவார்?" என்று கேட்டார். 39 ஆண்டு மணவாழ்வில் நாங்கள் ஒருவரையொருவர் கேட்டிராத கேள்வி அது. நான் சோஷியல் செக்யூரிட்டி (அரசு ஓய்வூதியம்), சேமிப்பு என்று கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்; அவள் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று வாரம் கழித்து இரண்டு வரியில் மறுப்பு வந்தது. காரணம் சொல்லும்படி அவர்களைக் கட்டாயப்படுத்த வழியில்லை என்றார் எங்கள் வழக்கறிஞர். பிறகு காண்டோ (வீடு நம் பெயரிலேயே பத்திரமாகும் அடுக்ககம்) வாங்கினோம். அங்கே எங்கள் முகத்தைக்கூட யாரும் பார்க்கவில்லை.

பழைய பொருளாளர்

ஃப்ளஷிங்வாசி ஐயாவின் வருத்தம் புரிகிறது. ஆனால் அந்த அம்மையாரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கோ-ஆப்பில் நாம் வாங்குவது வீட்டையல்ல. கட்டடத்தை உடைமையாகக் கொண்ட நிறுவனத்தின் பங்குகளையும், அந்தப் பங்குகளோடு வரும் குத்தகை உரிமையையும்தான். கட்டடத்தின் மேலுள்ள அடமானக் கடன், சொத்து வரி எல்லாம் மாதக் கட்டணத்துக்குள் அடங்கியிருப்பதால், ஒருவர் கட்டத் தவறினால் அந்தச் சுமை மற்ற எல்லார் தலையிலும் ஏறும். கையிருப்பு எவ்வளவு என்பதைவிட, மாதாமாதம் வருவது எவ்வளவு என்று குழு பார்ப்பது அதனால்தான்.

குயீன்ஸில் 84 வீடுகள் கொண்ட எங்கள் கட்டடத்தில் நான் ஆறு ஆண்டுகள் பொருளாளராக இருந்தேன். 78 வயதான ஓர் அம்மாவின் கணவர் இறந்ததும் அவருடைய ஓய்வூதியம் நின்றுபோனது. ஏழு மாதக் கட்டணம் பாக்கியானது. பங்குதாரரே குத்தகைதாரரும் ஆவதால், வாடகைப் பாக்கிக்குத் தொடுக்கும் வழக்கை அவர்மேலும் தொடுக்கலாம். நோட்டீஸில் கையெழுத்திட்டவன் நான். மறுநாள் லிஃப்டில் நாங்கள் இருவர் மட்டும். எனக்காக ஐந்தாம் மாடிப் பொத்தானை அவரே அழுத்திவிட்டு, "பேத்திக்குச் சளி குணமாகிவிட்டதா?" என்று விசாரித்தார். பிறகு வீட்டை விற்றுப் பாக்கியைத் தீர்த்து, மகளிடம் போய்விட்டார். கணவர் இருந்த காலத்திலேயே அந்தக் கேள்வியை யாராவது அவர்களிடம் கேட்டிருக்கலாம்.

தெற்கே போனவன்

முகத்தை யாரும் பார்க்கவில்லை என்பதை நல்ல செய்தி போல எழுதியிருக்கிறீர்கள். காண்டோவில் வீடு உங்கள் பெயரில் பத்திரமாகிறது, உண்மைதான். கூரை, தூண், வாகன நிறுத்துமிடம் ஆகியவற்றில் உங்களுக்கு ஒரு பங்கும் கூடவே வந்துவிடுகிறது. நாங்கள் 2017இல் ஃபுளோரிடாக் கடற்கரையில் ஒன்பதாம் மாடியில் வாங்கினோம். பெரிய பழுதுகளுக்கான சேமநிதியை அந்த ஆண்டு சேர்க்க வேண்டாம் என்று அப்போதெல்லாம் ஆண்டுதோறும் வாக்கெடுப்பு நடந்துவந்தது. நானும் கை தூக்கியவன்தான். மாதக் கட்டணம் குறைந்தால் கசக்குமா?

2021 ஜூன் 24 அன்று எங்கள் மாநிலத்துச் சர்ஃப்சைடில் ஒரு காண்டோக் கட்டடம் நள்ளிரவுக்குப் பின் இடிந்து 98 பேர் இறந்தார்கள். மறு ஆண்டே, மூன்று மாடியும் அதற்கு மேலும் உள்ள பழைய கட்டடங்களுக்குச் சோதனையையும் சேமநிதிக் கணக்கீட்டையும் மாநிலம் கட்டாயமாக்கியது. (பொருளாளர் ஐயா, அது கோ-ஆப்புக்கும் சேர்த்துத்தான்.) எங்கள் கூட்டத்தில் பொறியாளர் அறிக்கையைப் படித்து, பழுதுபார்க்க ஒவ்வொரு வீட்டுக்கும் 61,000 டாலர் ஆகும் என்றார். பக்கத்து இருக்கைப் பெரியவர் காதிலிருந்த கேட்கும் கருவியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கூட்டம் முடியும்வரை அதை அவர் திரும்ப மாட்டவில்லை.

ஜாக்சன் ஹைட்ஸ் மாமி

என் அனுபவம் சின்னது. இடுப்பு அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு இரவில் துணைக்கு ஒரு பெண்ணை வைத்துக்கொண்டேன். பத்தாம் நாள், அவர் யார், எத்தனை நாள் தங்குவார் என்று கேட்டு எங்கள் கோ-ஆப்பிலிருந்து கடிதம் வந்தது. கைத்தடியை ஊன்றிக்கொண்டு போய்ப் பதில் கொடுத்துவிட்டு வந்தேன்.

அது கிடக்கட்டும். வாங்கப் போகிறவர்கள் இவற்றைக் கவனியுங்கள். கோ-ஆப்போ காண்டோவோ, கடந்த இரண்டு மூன்று ஆண்டுக் கூட்டக் குறிப்புகளை வழக்கறிஞரைப் படிக்கச் சொல்லுங்கள். லிஃப்டும் பாய்லரும் எப்போது காலை வாரும் என்பது விளம்பரத்தில் இராது, அங்கேதான் இருக்கும். நியூயார்க்கில் ஆறு மாடிக்கு மேற்பட்ட கட்டடத்தின் வெளிச்சுவரை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும். அடுத்தது எப்போது, அதற்குப் பணம் இருக்கிறதா என்று கேளுங்கள். காண்டோவின் மாதக் கட்டணம் குறைவு என்று மயங்காதீர்கள், சொத்து வரி தனியாக வரும். கோ-ஆப்பில் விற்கும்போது ஃபிளிப் டாக்ஸ் (விற்பனையின்போது கோ-ஆப் வசூலிக்கும் கட்டணம்) உண்டா, வாடகைக்கு விட அனுமதி உண்டா என்று பாருங்கள். ஆறு மாதம் ஊருக்குப் போகிறவர்களுக்கு இது முக்கியம். வீட்டைக் குடும்ப டிரஸ்டின் (சொத்தைப் பிறருக்காகப் பொறுப்பில் வைக்கும் ஏற்பாடு) பெயரில் மாற்ற நினைப்பவர்கள் குழுவின் சம்மதத்தை முதலிலேயே கேட்டுவிடுங்கள், எல்லாக் கோ-ஆப்பும் ஒத்துக்கொள்வதில்லை. நர்ஸிங் ஹோம் செலவுக்கு மெடிகெய்ட் (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவ உதவி) கேட்டால், சொத்தை யார் பெயருக்காவது மாற்றினீர்களா என்று முந்தைய ஐந்து ஆண்டுக் கணக்கைத் தோண்டுவார்கள் என்பதால் இதைத் தள்ளிப்போடவும் கூடாது. 62 வயதானவர்கள் எடுக்கக்கூடிய, மத்திய அரசு காப்பீடு செய்த ரிவர்ஸ் மார்ட்கேஜ் (அந்த வீட்டில் வசிக்கும்வரை மாதத் தவணை கட்டத் தேவையில்லாத வீட்டு அடமானக் கடன்) கோ-ஆப்புக்குக் கிடையாது. 65 ஆகி வருமானமும் குறைவாக இருந்தால் நகரம் தரும் சொத்து வரிச் சலுகை இரண்டுக்கும் உண்டு. நீங்கள் விண்ணப்பித்தால்தான் கிடைக்கும்.

ஃப்ளஷிங்வாசி

மாமி, மிக்க நன்றி. ஆனால் நாங்கள் வாங்கிக் குடியேறி இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது.

பொருளாளர் ஐயா, அந்தக் கேள்வியே தவறு என்று நான் எழுதவில்லை. அன்று காரில் திரும்பும்போது என் மனைவி நேர்காணலைப் பற்றி எதுவும் பேசவில்லை. மின்கட்டணத்தை எந்தக் கணக்கிலிருந்து கட்டுகிறீர்கள் என்று மட்டும் கேட்டாள். சொன்னேன். கைப்பையிலிருந்த கோயில் அர்ச்சனைச் சீட்டின் பின்புறத்தில் எழுதிக்கொண்டாள்.