கார்வெட் சி5-ஐ ஸ்டாக் (ஒரிஜினல்) போல்ட்லயே உயரம் இறக்கினேன்: இடது முன்பக்கம் தாழ்ந்து நிக்குது, ஹைவேல உதை விழுது. உதவி வேணும்

கேட்டி ஃப்ரீவே

வணக்கம். ஹூஸ்டன்ல இருக்கேன். வண்டி 2002 கார்வெட் ஸீ06 (சி5, அதாவது அஞ்சாம் தலைமுறை), எல்எஸ்6 இன்ஜின், ஆறு கியர் மேனுவல். முன் டயருக்கும் ஃபெண்டருக்கும் நடுவுல இருந்த இடைவெளி கண்ணை உறுத்திக்கிட்டே இருந்துச்சு. சி5-ல ஸ்பிரிங்னா முன்னும் பின்னும் குறுக்கால போற ஃபைபர் பட்டைதானே, நுனியில இருக்கிற ஒரிஜினல் போல்ட்டைத் திருகினாலே இறங்கும், தனியா பார்ட்ஸ் எதுவும் வாங்க வேண்டாம்னு சொன்னாங்க. நாலு மூலையும் முக்கால் அங்குலம் அளவுக்கு இறக்கியாச்சு. அன்னிக்கே ஒரு கடையில அலைன்மென்ட்டும் (சக்கரக் கோணம் சரி பண்றது) பண்ணினேன், பிரிண்ட் அவுட்ல எல்லாம் பச்சை, அதாவது அளவுக்குள்ள.

இப்போ பிரச்சினை:

இடது முன்பக்கம் வலதை விட கிட்டத்தட்ட அரை அங்குலம் கம்மி. ரெண்டு பக்கமும் ஒரே அளவுதான் திருகினேன்.

ஐ-10ல கான்கிரீட் ஜாயின்ட் ஏறும்போது முன்னாடி "டக்"னு உதைக்குது. முன்னெல்லாம் இப்படி இல்ல.

ரோட்ல கோடு, பள்ளம் எது இருந்தாலும் ஸ்டீரிங் அது பின்னாடியே ஓடுது.

நண்பர் ஒருத்தர் பம்ப் ஸ்டாப்பை (சஸ்பென்ஷன் முழுசா அமுங்கும்போது தாங்குற ரப்பர் கட்டை) வெட்டிடு, சரியாயிடும்ங்கறார். வெட்டலாமா?

டாலஸ் டிராக் டே

ப்ரோ, அந்தப் பட்டை ஸ்பிரிங்கையே தூக்கிப் போட்டுட்டு காயில்ஓவர் (ஷாக்கைச் சுத்தி காயில் ஸ்பிரிங் இருக்கிற செட்) மாட்டுங்க. தலைவலி விட்டுச்சு.

மிச்சிகன் மாமா

மேல சொன்னவர் பேச்சைக் கேட்டு அவசரப்பட்டு காசை இறைக்காதீங்க தம்பி. பேரு "லீஃப் ஸ்பிரிங்"ங்கறதால லாரி ஸ்பிரிங்னு நினைச்சு நிறையப் பேர் ஏளனமா பேசுவாங்க. சி5-ல நாலு சக்கரத்துக்கும் மேல கீழ ரெண்டு ஆர்ம் இருக்கு, சக்கரத்தைப் பிடிச்சு வழி நடத்துறது அதுங்க வேலை. பட்டை எடையை மட்டும்தான் தாங்குது.

அந்தப் பட்டையில ஒரு விஷயம் புரிஞ்சுக்கணும். அதை வண்டியோட சட்டத்துல (ஃபிரேம்) ரெண்டு இடத்துல பிடிச்சிருக்காங்க. அதனால ஒரு நுனியில மாத்தினா எதிர் நுனியும் அசையும். இடதுபக்கம் தூக்கினா வலதுபக்கம் கொஞ்சம் இறங்கும். காயில் ஸ்பிரிங் பழக்கத்துல ஒவ்வொரு மூலையா சரி பண்ணிக்கிட்டே போனீங்கன்னா சுத்திச் சுத்தி வந்துக்கிட்டே இருப்பீங்க.

முதல்ல அரை அங்குலம்னு எப்படி அளந்தீங்க? தரையில இருந்து ஃபெண்டர் விளிம்பு வரைக்குமா?

கேட்டி ஃப்ரீவே

ஆமாம் மாமா, தரையில இருந்துதான். கராஜ் தரை.

மிச்சிகன் மாமா

அது செல்லாது. கராஜ் தரை தண்ணி ஓடுறதுக்காகச் சரிவாத்தான் இருக்கும். டயர் காத்து வேற கணக்குல வந்துடும். சக்கர நடுப்புள்ளியில இருந்து ஃபெண்டருக்கு அளந்தா பரவாயில்ல, ஆனா சி5-க்கு மேல இருக்கிறது பிளாஸ்டிக் பேனல். இடதும் வலதும் சில மில்லிமீட்டர் வித்தியாசமா உக்காந்திருக்கும். ஜிஎம் சர்வீஸ் மேனுவல்ல முன்பக்கத்துக்கு இஸட் உயரம், பின்பக்கத்துக்கு டி உயரம்னு போட்டிருப்பாங்க. இஸட்னா கீழ் ஆர்மோட உள்பக்க போல்ட்டுக்கும் பால் ஜாயின்ட் (சக்கரப்பக்கத்து உருண்டை மூட்டு) அடிப்பாகத்துக்கும் நடுவுல இருக்கிற உயர வித்தியாசம். பேனல், டயர், தரை மூணும் அதுல வராது. அதை அளந்து சொல்லுங்க.

டோ இன் துரை

அலைன்மென்ட் "அன்னிக்கே" பண்ணினேன்னு சொன்னீங்களே, ஸ்டீரிங் ஓட்டத்துக்கு அங்கேதான் விடை இருக்கும்னு நினைக்கிறேன். ஜாக்கில இருந்து இறக்கினதும் டயர் உள்ளுக்கு மடங்கி நிக்கும், பக்கவாட்டுல வழுக்கி வெளிய வர முடியாம வண்டி உயரமாவே இருக்கும். கொஞ்ச தூரம் ஓட்டினப்புறம்தான் முழுசா உக்காரும். கடைக்காரர் உக்காராத வண்டிக்கு அளவு வெச்சிருக்கார். உக்காந்ததும் கேம்பர் (சக்கரத்தோட மேல்பக்கம் சாயுற அளவு) இன்னும் நெகட்டிவ், அதாவது உள்பக்கம் போகும், டோவும் (சக்கரத்தோட முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கிற அளவு) மாறிடும்.

ஒண்ணு பண்ணுங்க. முன் டயர் மேல உள்ளங்கையை வெச்சுக் குறுக்கால தடவிப் பாருங்க, உள்ளேயிருந்து வெளியே ஒரு தடவை, வெளியேயிருந்து உள்ளே ஒரு தடவை.

கேட்டி ஃப்ரீவே

இப்பதான் பார்த்துட்டு வரேன். உள்ளேயிருந்து வெளியே தடவினா வழுவழுன்னு போகுது. வெளியேயிருந்து உள்ளே தள்ளினா கட்டை ஓரமெல்லாம் ரம்பப் பல் மாதிரி கையில குத்துது. உள் ஓரத்துல தேய்மானமும் ஆரம்பிச்சிருக்கு.

டோ இன் துரை

டோ அவுட், ரெண்டு சக்கரமும் முன்னாடி வெளிப்பக்கம் திரும்பியிருக்கு. சந்தேகமே வேண்டாம். உள் ஓரம் தேய்ஞ்சா எல்லாரும் கேம்பரைத் திட்டுவாங்க, ஆனா தெருவுல ஓட்டுற வண்டியில டயரைச் சீக்கிரம் தின்னுறது பெரும்பாலும் டோதான். ரோட்டுக் கோட்டைத் துரத்திக்கிட்டு ஓடுறதும் அதோட குணம்தான். ஆனா உயரம் சரியாகாம மறுபடி அலைன்மென்ட்டுக்குக் காசு குடுக்காதீங்க.

பாப்பப் லைட்

இடதுபக்கத் தாழ்வுக்கு நான் சொல்றேன். முன் போல்ட்டோட கீழ் நுனியில ரப்பர் குஷன் இருக்குமே, அதைக் கழட்டிப் பாருங்க. பட்டையோட நுனி அந்த ரப்பர் மூலமாத்தான் கீழ் ஆர்ம் மேல உக்காருது. இருபது வருஷத்துக்கு மேலான ரப்பர். பாரம் இருக்கும்போதே ஸ்பேனர் போட்டுத் திருகியிருந்தா கிழிஞ்சு பிதுங்கியிருக்கும்.

அப்படியே டார்ச் அடிச்சு பட்டையோட ஓரத்தையும் பாருங்க. நார் பிரிஞ்சு நிக்குதா, விரிசல் ஓடுதான்னு. அப்படி ஏதாவது இருந்தா பேச்சே இல்ல, பட்டையையே மாத்தணும். ஜாக் போடும்போது கதவுக்குக் கீழே இருக்கிற பேனல்ல போட்டுடாதீங்க, நொறுங்கிடும். சட்டத்துல நாலு துவாரம் இருக்கு, அதுல ஹாக்கி பக் (ஐஸ் ஹாக்கி ஆடுற கெட்டி ரப்பர் வட்டு) மாட்டித் தூக்குறதுதான் நம்மாளுங்க வழக்கம்.

கேட்டி ஃப்ரீவே

நீங்க சொன்னது அப்படியே இருக்கு. இடது குஷன் பாதி காணோம். மிச்சமும் விரல்ல கிள்ளினா கருப்புத் தூளா உதிருது. பட்டை ரெண்டு பக்கமும் நல்லா இருக்கு. இஸட் உயரத்துல இடது வலது வித்தியாசம் 9 மில்லிமீட்டர். குஷன் ஜோடியா ஆர்டர் போட்டாச்சு.

உதைக்கு என்ன பண்றது? வெட்டலாமா வேண்டாமா?

மிச்சிகன் மாமா

வெட்டாதீங்க. முதல்ல தட்டுதான்னு தெரியணும். பம்ப் ஸ்டாப் முனையில கொஞ்சம் வெள்ளை கிரீஸ் தடவி, வழக்கமா உதைக்கிற ரோட்லயே ஓட்டிட்டு வாங்க. எதிர் உலோகத்துல கிரீஸ் ஒட்டியிருந்தா தட்டுதுன்னு அர்த்தம். சுத்தமா இருந்தா ஷாக் அப்சார்பர் போயிருக்கு, அதுக்கு ரப்பரை வெட்டி என்ன ஆகப் போகுது? தட்டினாக்கூட என் ஓட்டு முன்பக்கத்தைக் கொஞ்சம் ஏத்துறதுக்குத்தான். முக்கால் அங்குலத்துல கால் அங்குலம் திருப்பிக் குடுத்தா யார் கண்ணுக்குத் தெரியப் போகுது?

இன்னொண்ணு, யாரும் சொல்லல. ஆர்மைச் சட்டத்துல மாட்டுற இடத்து புஷ்ஷெல்லாம் இரும்போட ஒட்டின ரப்பர். பழைய உயரத்துல முறுக்கின போல்ட் அப்படியே இருந்தா ரப்பர் எந்நேரமும் முறுக்கிக்கிட்டே நிக்கும், வண்டியை மேல தள்ளப் பார்க்கும். கீழ் ஆர்ம்ல கேம் போல்ட் (திருப்பினா சக்கரக் கோணம் மாறுற போல்ட்) இருக்கிறதால அலைன்மென்ட் பண்றவர் எப்படியும் இளக்குவார்.  சக்கரம் தரையில, பாரம் முழுசா இறங்கியிருக்கும்போது இளக்கி மறுபடி முறுக்கச் சொல்லுங்க. முறுக்கு அளவு மேனுவல்ல இருக்கும். இங்கே உப்பு ரோட்ல ஓடின வண்டியில இந்த போல்ட்டை அசைக்கவே உயிர் போகும், டெக்சாஸ்ல உங்களுக்கு அந்தக் கவலை இல்ல.

டாலஸ் டிராக் டே

அடியில உரசுற சத்தம் வந்தா அந்தக் கருப்பு ரப்பர் ஏர் டேமை (முன்பக்கம் அடியில காத்தைத் திருப்புற பட்டை) கழட்டி எறிஞ்சுடாதீங்க. சி5 காத்தைக் கீழேயிருந்துதான் இழுக்குது. டேம் இல்லாம ஹைவேல போனா டெம்பரேச்சர் ஏறும். அது உரசட்டும், வளையுற மாதிரிதான் செஞ்சிருக்காங்க.

(காயில்ஓவர் பத்தி நான் சொன்னது சொன்னதுதான்.)

கேட்டி ஃப்ரீவே

நிலவரம் சொல்லிடறேன். ரெண்டு குஷனும் புதுசு. ஜாக்கில தூக்கி, பாரம் இல்லாம போல்ட்டைத் திருகினேன். இடதை ஏத்த ஏத்த வலது இறங்கினதைக் கண்ணால பார்த்தேன், மாமா சொன்ன மாதிரியே. இப்போ வித்தியாசம் 2 மில்லிமீட்டர், அதுக்கு மேல துரத்தல. ஆர்ம் போல்ட்டும் தரையில வெச்சு முறுக்கியாச்சு. நல்லா ஓட்டி உக்கார வெச்சதுக்கப்புறம் வேற கடையில, டிரைவர் சீட்ல என் எடைக்குச் சமமா மூட்டை போட்டு அலைன்மென்ட். ஸ்டீரிங் இப்போ கையை விட்டாலும் நேரா போகுது.

கிரீஸ் டெஸ்ட்ல இடது தட்டியிருந்துச்சு, வலது சுத்தம். முன்பக்கத்தைக் கால் அங்குலம் ஏத்தினப்புறம் இடதும் சுத்தம். ஆனா பெரிய ஜாயின்ட்ல மட்டும் இன்னும் லேசா ஒரு உதை இருக்கு.

மிச்சிகன் மாமா

ரப்பர் தட்டாம உதை வருதுன்னா ஷாக்கைப் பாருங்க. ஒரிஜினல் ஷாக்தான் இன்னும் ஓடுதுன்னா அதோட ஆயுசு எப்பவோ முடிஞ்சிருக்கும். எண்ணெய்க் கசிவு இருக்கான்னு பார்த்துட்டு, நாலையும் சேர்த்து மாத்துங்க.

பாப்பப் லைட்

ஹெட்லைட்டையும் ஒரு தடவை சுவர்ல அடிச்சுப் பார்த்துடுங்க. முன்னும் பின்னும் இப்போ வேற வேற அளவு இறங்கியிருக்கு, பீம் மேல தூக்கியிருக்கும். எதிர்ல வர்றவங்க பாவம்.