மினி டிராக்டரில் கூடுதல் எல்.இ.டி. விளக்குகள் பொருத்தியபின் சுவிட்ச் சூடாகிறது

கேள்வி: மாந்தோப்பு விவசாயி, போச்சம்பள்ளி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் தோப்பில் பெரும்பாலும் பெங்களூரா ரக மாமரங்கள்தான். மர வரிசைகளுக்கு இடையே உழுவதற்கு 18 குதிரைத்திறன் கொண்ட மினி டிராக்டரை வைத்திருக்கிறேன். வெயில் ஏறுவதற்குள் வேலையை முடித்துவிட வேண்டும் என்பதால் விடியற்காலை நான்கு மணிக்கே ரொட்டவேட்டரை இறக்கிவிடுவது வழக்கம். பின்னால் மண் எப்படிப் புரள்கிறது என்று தெரியாததால், பின்பக்க மட்கார்டுகளில் 48 வாட் எல்.இ.டி. விளக்குகள் இரண்டைப் பொருத்தி, முகப்பு விளக்கின் சுவிட்சிலிருந்தே வயர் இழுத்துக் கொடுத்தேன். ஒரு வாரம் நன்றாக எரிந்தன. பிறகு சுவிட்சில் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடேறி, பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது. கழற்றிப் பார்த்தால், பின்பக்கம் பழுப்பேறி, ஒரு முனையைச் சுற்றிப் பிளாஸ்டிக் இளகி, வயர் ஆடிக்கொண்டிருந்தது. எல்.இ.டி. விளக்கு மின்சாரத்தைக் குறைவாகத்தானே எடுக்கும்? நான் எங்கே தவறு செய்தேன்?

பதில்: ஆட்டோ எலெக்ட்ரீஷியன், பாலக்கோடு

ஐயா, விளக்கில் குறையில்லை, வயர் எடுத்த இடத்தில்தான் குறை. இரண்டு விளக்கும் சேர்ந்து 96 வாட். 12 வோல்ட்டில் அது 8 ஆம்பியர். முகப்பு விளக்குகள் 55 வாட் ஹாலோஜன் பல்புகளாக இருந்தால் அவை இரண்டும் ஏற்கெனவே 9 ஆம்பியருக்கு மேல் எடுக்கும். ஆகவே, அந்தச் சின்ன சுவிட்ச் அதன் இயல்பான சுமையைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கைத் தாங்கியிருக்கிறது. அதிர்வில் முனை சற்றே தளர்ந்தாலும் அந்த இடத்தில் மின்தடை கூடிச் சூடேறும், சூடேறினால் முனை இன்னும் தளரும். நீங்கள் பார்த்த பழுப்பு நிறம் அப்படி வந்ததுதான்.

சுவிட்சை மாற்றிவிட்டு, 12 வோல்ட் நான்கு முனை ரிலே (சிறிய மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இயக்கி நிறுத்தும் சுவிட்ச்) ஒன்றை வாங்குங்கள்; முனைகளின் எண்கள் அதிலேயே போட்டிருக்கும். பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து 2.5 சதுர மி.மீ. வயர் எடுத்து, பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள்ளேயே 15 ஆம்பியர் ஃபியூஸ் போட்டு, ரிலேயின் 30-ஆம் முனைக்குக் கொண்டு வாருங்கள். 87-ஆம் முனையிலிருந்து விளக்குகளுக்குச் செல்லட்டும். 85-ஐ பாடியில் எர்த் செய்து, 86-க்குத் தனியாக ஒரு சின்ன சுவிட்ச் வைத்து, சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் வயரிலிருந்து கொடுங்கள். ரிலேயின் காயில் எடுப்பது கால் ஆம்பியருக்கும் குறைவு என்பதால் சுவிட்ச் இனிச் சூடாகாது, சாவியை எடுத்தால் விளக்கும் அணைந்துவிடும். ஃபியூஸை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். பேட்டரியிலிருந்து நேராக வரும் வயர் எங்காவது உரசி இரும்பில் பட்டால் வயரே தீப்பிடிக்கும்.

எர்த் கொடுக்கும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டி, பளபளவென்று இரும்பு தெரிந்த பிறகே வயர் நுனியில் உள்ள உலோக வளையத்தை (லக்) முடுக்குங்கள். விளக்கு மங்கலாகவோ விட்டுவிட்டோ எரிகிறது என்று என்னிடம் வரும் வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு எர்த்தைச் சரிசெய்தாலே போதுமானதாக இருக்கிறது.

பதில்: பவர் டில்லர் வைத்திருப்பவர், அரூர்

பேட்டரி இல்லாத பவர் டில்லர் வைத்திருப்பவர்கள் இதை அப்படியே செய்துவிட வேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன். அவ்வகை எஞ்சினின் காயிலிலிருந்து வருவது ஏ.சி. மின்சாரம், எஞ்சின் வேகம் கூடக்கூட அதன் வோல்ட்டும் கூடும். நான் எல்.இ.டி. விளக்கை நேராக இணைத்ததில், மெதுவாக ஓடும்போது மினுமினுத்தது, ஆக்ஸிலேட்டரைக் கூட்டிய சில நிமிடங்களில் அடியோடு அணைந்துபோனது. ஏ.சி.யை டி.சி.யாக மாற்றி வோல்ட்டையும் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர்-ரெக்டிஃபையரும் சிறிய பேட்டரியும் சேர்த்த பிறகுதான் விளக்கு நிலையாக எரிந்தது. அந்தக் காயில் தரும் வாட்டும் மிகக் குறைவு, ஒரு சிறிய விளக்குக்கு மேல் ஆசைப்பட முடியாது.

பதில்: மாந்தோப்பு விவசாயி, போச்சம்பள்ளி

இருவருக்கும் மிக்க நன்றி. என் வண்டியில், எஞ்சின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் 35 ஆம்பியர் என்று அதன் தகட்டில் போட்டிருக்கிறது. ரிலே வைத்து மாற்றிவிட்டேன். எல்லா விளக்குகளையும் எரியவிட்டு உழும் வேகத்தில் பேட்டரி முனைகளில் அளந்தால் 13.7 வோல்ட் காட்டுகிறது, ஒரு மணி நேரம் ஓட்டியும் சுவிட்ச் குளிர்ச்சியாகவே இருக்கிறது. வண்டியை ஐடிலில் விட்டால் மட்டும் 12.5-க்கு இறங்குகிறது. இதனால் பேட்டரிக்குக் கேடு வருமா?

பதில்: ஆட்டோ எலெக்ட்ரீஷியன், பாலக்கோடு

ஐடிலில் ஆல்டர்னேட்டர் முழு மின்சாரத்தைத் தராது, அப்போது குறைவதைப் பேட்டரி ஈடுகட்டுகிறது. உழும்போது 13.7 இருப்பதால் கவலை வேண்டாம். ஆனால் தோப்பு ஓரம் நிறுத்திப் பேசிக்கொண்டிருக்கும்போது பின்விளக்குகளை அணைத்துவிடுங்கள். சாலையில் ஏறும்போதும் கட்டாயம் அணைக்க வேண்டும், பின்னால் வருபவரின் கண்ணில் அந்த வெள்ளை வெளிச்சம் நேராக அடித்தால் அவருக்குச் சாலையே தெரியாது. காய்ப்புக் காலத்தில் பெங்களூராக் கிளைகள் தாழத் தொங்கும் என்பதால், விளக்குகளை மட்கார்டின் மேல்விளிம்பில் வைக்காமல் ஒரு சாண் கீழே இறக்கிப் பொருத்திவிடுங்கள்.