புது மலை ஸ்லெட்: முதல் சவாரியும் அதன் பிறகு முறுக்கிய போல்ட்டுகளும்

மலை ஸ்லெட் (ஆழமான மலைப் பனியில் ஓட்டுவதற்கான ஸ்னோமொபைல்) வாங்கலாமா, வாங்கினால் முதலில் எதைச் சரிசெய்ய வேண்டும் என்று இரண்டு மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். இந்த சீசனில் புதிதாக ஒன்று வாங்கி, கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ரெவல்ஸ்டோக் பக்கம் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். எல்லாம் ஞாபகத்தில் இருக்கும்போதே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வண்டி ஸ்கி-டூ சம்மிட். 850 சிசி டூ ஸ்ட்ரோக், டர்போ இல்லாதது. டிராக், அதாவது வண்டியைத் தள்ளும் ரப்பர் பட்டை, 154 அங்குல நீளம், 16 அங்குல அகலம், அதன் மேல் 3 அங்குல உயரத்துக்குப் பனியை வாரும் ரப்பர் பற்கள், அதாவது லக்குகள். ஒன்டாரியோ, கியூபெக் பக்கம் டிரெயிலில் (சமன் செய்த பனிப் பாதையில்) மட்டும் ஓட்டிப் பழகியவர்களுக்கு இந்த அளவுகள் விநோதமாகப்படும். அங்கே 137 அங்குல டிராக், ஒன்றரை அங்குலத்துக்கு உள்ளே லக், இரண்டு ஸ்கீக்கும் நடுவே நல்ல அகலம் என்றுதான் பார்த்திருப்பீர்கள். மலை ஸ்லெட்டில் ஸ்கீ இடைவெளி 36 அங்குலத்தை ஒட்டித்தான் இருக்கும். வண்டி சுலபமாகப் பக்கவாட்டில் சாய வேண்டும் என்பதற்காகவே அப்படி ஒடுக்கமாகச் செய்கிறார்கள். கீழே நான் சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான்.

165 அங்குல டிராக் எடுக்கவில்லையா என்று கேட்பீர்கள். நீளமான டிராக் ஆழப் பனியில் நன்றாக மிதக்கும், செங்குத்தான ஏற்றத்தில் விடாமல் ஏறும். ஆனால் நான் எழுபது கிலோ ஆள். எனக்குப் பிடித்தது திறந்த சரிவைவிட மரங்களுக்கு நடுவே நுழைந்து போவது. அங்கே குட்டை டிராக் சட்டென்று திரும்பும். என்னைவிட இருபது முப்பது கிலோ கூடுதலாக இருப்பவர்கள் 165 பக்கமே போகலாம். லக் விஷயத்தில் மட்டும் நான் யோசிக்கவே இல்லை. ரெவல்ஸ்டோக்குக்கு வடமேற்கே இருக்கும் மவுண்ட் கோப்லண்டில் 1971-72 குளிர்காலத்தில் 24 மீட்டருக்கு மேல் பனி விழுந்தது, கனடாவின் சாதனை அளவு அது. இந்தப் பக்கத்துப் பனிக்கு 3 அங்குலம் அதிகமே இல்லை.

முதல் நாள் பவுல்டர் மலைக்குப் போனேன். காலையில் கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்தேன், இரண்டாவது இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது. ஒருமுறை ஓடிவிட்டால் அன்று முழுக்கப் பொத்தானை அழுத்தினாலே போதும். கனமான பேட்டரிக்குப் பதில் ஒரு சின்ன அல்ட்ரா கெபாசிட்டர் அந்த வேலையைச் செய்கிறது. ரிவர்ஸ் இன்னும் அழகு. தனியாக ரிவர்ஸ் கியர் கிடையாது. பொத்தானை அழுத்தினால் இன்ஜின் வேகம் இறங்கி, அணையப்போகிற நொடியில் எதிர்ப்பக்கமாகச் சுழலத் தொடங்குகிறது. டூ ஸ்ட்ரோக் என்பதால் இது முடிகிறது, எடையும் மிச்சம்.

மேலே ஏறுகிற டிரெயில் இயந்திரம் விட்டுச் சமன் செய்த பாதை. அதில் இந்த வண்டி ஓட்ட சுகமாக இருக்காது, எதிர்பார்க்கவும் கூடாது. ஒடுக்கமான முன்பக்கம், உயரமான லக், கெட்டிப் பனி மூன்றும் சேர்ந்தால் ஸ்கீ அங்குமிங்கும் அலைபாயும், வளைவில் உள்பக்க ஸ்கீ தூக்கும். அதைவிட முக்கியமான விஷயம் இன்ஜின் சூடு. இந்த வண்டிகளில் ரேடியேட்டர் என்று முன்னால் எதுவும் இல்லை. டிராக் வாரி அடிக்கும் பனி மேலே இருக்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சரில் பட்டுத்தான் இன்ஜின் குளிர்கிறது. கெட்டிப் பாதையில் தூள் கிளம்பாது, வெப்பம் மளமளவென்று ஏறும். அதற்காகத்தான் டிராக்குக்குள் இருக்கும் நீளமான சட்டத்தின், அதாவது ரெயிலின் ஓரத்தில் ஸ்க்ராட்சர் என்று இரண்டு கம்பிகள் இருக்கின்றன. அவற்றைக் கீழே இறக்கிவிட்டால் பாதையைச் சுரண்டித் தூளை மேலே அனுப்பும், ரெயிலுக்கு அடியில் இருக்கும் பிளாஸ்டிக் பட்டையும் உராய்ந்து உருகாமல் தப்பிக்கும். டிரெயிலில் கால் வைத்ததும் முதல் வேலை அதுதான்.

சரி, இப்போது ஆழப் பனிக்கு வருகிறேன்.

டிரெயிலைவிட்டு இடுப்பளவு பனிக்குள் இறங்கியதும் ஹேண்டில்பாரை இடப்பக்கம் திருப்பினால் வண்டி இடப்பக்கம் திரும்பும் என்ற நினைப்பை விட்டுவிட வேண்டும். ஸ்கீ பனியின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது, அது திருப்புவது ரொம்பக் கொஞ்சம். வண்டி திரும்புவது டிராக்கின் விளிம்பில் சாய்வதால். இடது பக்கம் போக வேண்டுமென்றால் ஹேண்டில்பாரை வலது பக்கம் திருப்பி, எடையை இடது கால் பலகையில் போட்டு, வலது கட்டைவிரலால் த்ராட்டிலை (ஆக்சிலரேட்டரை) ஒரு சுண்டு சுண்ட வேண்டும். வண்டி இடப்பக்கம் உருண்டு விளிம்பில் நிற்கும், அப்படியே வளைந்துகொண்டு போகும். வேகமாகப் போகும் பைக்கைச் சாய்க்க ஹேண்டிலை எதிர்ப்பக்கம் லேசாகத் தள்ளுவோமே, அந்தப் பழக்கம் இருப்பவர்களுக்கு இது சீக்கிரம் பிடிபடும்.

என் பழைய வண்டியில் இதற்கு உடம்பு முழுவதையும் போட்டு இழுக்க வேண்டியிருந்தது. புதியதில் முதல் முறை அதே பலத்தில் இழுத்தபோது வண்டி என் காலடியில் படுத்தேவிட்டது. அவ்வளவு லேசு! சுமார் 200 கிலோ எடை இருக்கிறது, ஆனால் அது நடுவில் குவிந்திருக்கிறது. டிராக்கும் பின் சஸ்பென்ஷனும் சேர்ந்து கொஞ்சம் முறுக்கிக்கொடுப்பதால் விளிம்பில் நிற்கத் தனிச் சிரமம் இல்லை. அதன் பிறகு இரண்டு விரல் பலம்தான் கொடுத்தேன்.

அடுத்து சைட்ஹில், அதாவது சரிவைக் குறுக்காக வெட்டிக்கொண்டு போவது. மலை இடப்பக்கம் இருக்கிறது. இடது கால் பலகையில் என் வலது காலை முன்னால் வைத்து, இடது காலை வெளியே தொங்கவிட்டுக்கொண்டேன். கால் மாறி நிற்பது முதலில் தப்பாகத்தான் படும், ஆனால் இடுப்பு தானாக மலைப்பக்கம் திரும்பி நிற்கிறது. இடது கையால் ஹேண்டில்பாரின் நடுவில் இருக்கும் பட்டையைப் பிடித்துக்கொண்டேன். கட்டைவிரல் த்ராட்டிலில் கொஞ்சம் அழுத்தம், கொஞ்சம் தளர்வு என்று மாறிக்கொண்டே இருந்தது. விட்டால் வண்டி மலைப்பக்கம் சரிகிறது, கொடுத்தால் நிமிர்ந்து பள்ளத்தைப் பார்க்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு சன்னமான இடம் இருக்கிறது. அது கிடைத்ததும் மேல்பக்க ஸ்கீ பனியைக் கீறும் ஓசை கேட்டது, தூள் பனி ஹூட்டின் மேல் ஏறிவந்து மார்பில் மோதியது. இதற்காகத்தான் இந்தப் பணத்தைக் கொடுத்தோம் என்று மனது நிறைந்துவிட்டது.

இப்போது அட்ஜஸ்ட்மென்ட். என் அழுத்தமான கருத்து, முதல் சவாரியில் எதையும் தொடாதீர்கள். வண்டி எப்படி நடந்துகொள்கிறது என்று உடம்புக்குத் தெரிந்த பிறகு, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதும் அதே சரிவுக்குப் போய் ஓட்டிப் பாருங்கள். இரண்டை ஒன்றாக மாற்றிவிட்டால் எது வேலை செய்தது என்று கடைசிவரை தெரியாது.

நான் முதலில் தொட்டது ஹேண்டில்பார். நின்றபடி ஓட்டும்போது முழங்கை லேசாக மடங்கியிருக்க வேண்டும். அதோடு பார், ஸ்டியரிங் தண்டின் கோட்டிலேயே இருக்க வேண்டும். உட்கார வசதியாக இருக்கிறதே என்று நம் பக்கம் சாய்த்துவிட்டால், எதிர்ப்பக்கம் முழுதாகத் திருப்பும்போது அதன் முனை முட்டியிலோ வயிற்றிலோ இடிக்கும், மணிக்கட்டும் மடங்கிவிடும்.

இரண்டாவதுதான் என்னைப் பொறுத்தவரை முக்கியமானது, பின் ஸ்பிரிங். செங்குத்தான ஏற்றத்தில் ஸ்கீ காற்றில் தூக்கிக்கொண்டே இருந்தது, திருப்ப எதுவும் கையில் இல்லை. பலரும் உடனே சொல்வது லிமிட்டர் ஸ்ட்ராப்பை இறுக்கு என்பதுதான். சஸ்பென்ஷனின் முன் கையைக் கட்டிவைத்திருக்கும் பட்டை அது. ஒரு ஓட்டை இறுக்கினால் ஸ்கீ மேல் எடை கூடும். செய்து பார்த்தேன். ஏற்றத்தில் ஸ்கீ தரையில் நின்றது உண்மை. ஆனால் சமவெளியில் ஆழப் பனிக்குள் மூக்கு புதைய ஆரம்பித்தது, அந்த இரண்டு விரல் லேசும் போய்விட்டது. பழையபடி தளர்த்திவிட்டேன்.

வீட்டுக்கு வந்து கராஜில் டேப் வைத்து அளந்தேன். முதலில் பின் பம்பரைத் தூக்கி, சஸ்பென்ஷன் முழுதாக நீண்ட நிலையில் தரையிலிருந்து உயரம். அப்புறம் பூட்ஸ், ஹெல்மெட், முதுகுப்பை எல்லாம் போட்டுக்கொண்டு, பின்னால் பெட்ரோல் கேனையும் மாட்டி, மேலே ஏறி நின்றேன். மனைவி டேப்பைப் படித்தார். ஐந்து அங்குலத்துக்கு மேல் அமுங்கியிருந்தது. மலை ஸ்லெட்டுக்குப் பொதுவாக மூன்று அங்குலத்தைச் சுற்றிச் சொல்வார்கள் (உங்கள் வண்டியின் கையேடு சொல்லும் எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள்). பின்பக்கம் அவ்வளவு குந்திக்கொண்டால் முன்பக்கம் தூக்கத்தானே செய்யும். ஸ்பிரிங்கை இரண்டு படி ஏற்றியதும் அமுக்கம் சரியான இடத்துக்கு வந்தது. அடுத்த சவாரியில் அதே ஏற்றத்தில் ஸ்கீ பனியைத் தொட்டும் தொடாமலும் நின்றது, மூக்கும் புதையவில்லை. ஆக, முதலில் அமுக்கத்தை அளந்து பாருங்கள், அதுவும் முழுச் சுமையோடு. லிமிட்டரை அதற்குப் பிறகு யோசிக்கலாம்.

மூன்றாவது, ஸ்கீ ஷாக்கின் ஸ்பிரிங் வளையத்தை இரண்டு பக்கமும் ஒரே அளவு தளர்த்தினேன். விளிம்பில் நிற்கும்போது வண்டி நிமிரப் பார்ப்பது குறைந்தது. டிரெயிலில் முன்பக்கம் கூடுதலாகச் சாய்கிறது, எனக்கு அது பரவாயில்லை. கிளட்சைத் தொடவில்லை. டர்போ இல்லாத இன்ஜின் ஒவ்வொரு ஆயிரம் அடி உயரத்துக்கும் ஏறத்தாழ மூன்று சதவீத பலத்தை இழக்கும், அதற்கேற்ப கிளட்ச் எடைகளைத் தேர்வு செய்ய வேண்டும். வாங்கும்போதே நான் ஓட்டும் உயரத்தைச் சொல்லி அதற்கேற்றபடி போட்டு வாங்கினேன். இங்கே மேலே 2,000 மீட்டரில் 165 குதிரைசக்தி என்பது 130-க்கு வந்துவிடும். எனக்கு அதுவே தாராளம்.

புது வண்டிக்கு முதல் 10 மணி நேரம் அல்லது 500 கிலோமீட்டர் வரை நிதானம் வேண்டும். தொடர்ந்து முழு த்ராட்டில் கூடாது. இன்ஜின் சக்தியைக் கடத்தும் புது பெல்ட்டும் பழகும்வரை அடம்பிடித்து இழுக்கக் கூடாது. டிராக் ஆரம்பத்தில் நீளும், முதல் சில சவாரிகளுக்குப் பிறகு அதன் இறுக்கத்தையும் நேரையும் கட்டாயம் பாருங்கள். என்னுடையது கண்ணுக்குத் தெரியும் அளவுக்குத் தொங்கியிருந்தது.

இன்னொன்றைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பதிவுக்கே அர்த்தமில்லை. புது மலை ஸ்லெட் நம்மைப் பெரிய சரிவுகளுக்கு ரொம்பச் சீக்கிரம் கொண்டுபோய் நிறுத்திவிடும். பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி சரிவுகளில்தான் கிளம்புகின்றன. இந்த வண்டி அவற்றில் முதல் நாளே ஏறும். நான் ஓட்டும் இதே பவுல்டர் மலையில் 2010 மார்ச்சில் ஸ்னோமொபைல்காரர்கள் கூடியிருந்த இடத்தில் பனிச்சரிவு விழுந்து இரண்டு பேர் இறந்தார்கள், பல பேர் காயமடைந்தார்கள். 2008 டிசம்பரில் இதே மாகாணத்தில் ஃபெர்னிக்கு அருகே பனிச்சரிவில் எட்டுப் பேர் இறந்தார்கள், அவர்களும் ஸ்லெட் ஓட்டப் போனவர்கள்தான். புதைந்தவர்களைப் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் தோண்டி எடுக்க வேண்டும். வெளியிலிருந்து உதவி வர நேரமிருக்காது, கூட வந்தவர்கள்தான் உதவி.

அதனால் டிரான்ஸீவர் (புதைந்தவரைக் கண்டுபிடிக்க உதவும் சிக்னல் கருவி) உடம்பில், ஷவலும் (மண்வாரியும்) ப்ரோபும் (பனிக்குள் குத்தித் தேடும் நீளக் கம்பியும்) முதுகுப்பையில். வண்டியின் பின் பையில் வைத்தால் வண்டியோடு அவையும் போய்விடும். செல்போன், சூடேறும் கையுறை போன்றவை டிரான்ஸீவரிலிருந்து 20 சென்டிமீட்டராவது தள்ளி இருக்கட்டும், தேடும்போது 50 சென்டிமீட்டர். ஒரு சரிவில் ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும். அவர் மேலே சிக்கிக்கொண்டால் உதவுகிறேன் என்று இன்னொருவர் அதே சரிவில் ஏறக் கூடாது. பனிச்சரிவு அபாயத்தை அறிவிக்கும் அவலாஞ்ச் கனடா அமைப்பின் அன்றைய அறிவிப்பைக் காலையில் படிக்காமல் டிரெய்லரை இணைக்காதீர்கள். வண்டிக்குக் கொடுக்கும் பணத்தோடு ஒப்பிட்டால் பனிச்சரிவுப் பாதுகாப்பு அடிப்படை வகுப்புக்கு ஆவது ஒன்றுமே இல்லை, முதலில் அதை முடியுங்கள். காரிபூ மான்களுக்காக மூடிவைத்திருக்கும் பகுதிகளின் வரைபடத்தையும் பார்த்துவிடுங்கள். அந்த எல்லைகளை நாம் மதித்தால்தான் மிச்சமிருக்கும் மலைகள் நமக்குத் திறந்திருக்கும்.

எனக்கு இப்போது பாக்கியிருப்பது ஸ்கீ இடைவெளி. இதில் இரண்டு நிலை வைக்கலாம், நான் இன்னும் அகலமான நிலையிலேயே ஓட்டுகிறேன். மரங்களுக்கு நடுவே ஒடுக்கமான நிலையில் ஓட்டுபவர்கள் யாராவது இருந்தால், சைட்ஹில்லில் வித்தியாசம் தெரிகிறதா என்று எழுதுங்கள். உங்கள் எடை, டிராக் நீளம், பின்னால் எவ்வளவு சுமை என்பதையும் சேர்த்து எழுதினால் ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக இருக்கும்.